மீட்டருக்கு எந்தப் பக்கம்?

சிங்கப்பூரில் உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. தீவு இருப்பது ஏறத்தாழ 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில். கடிகாரம் ஓடுவதோ 120 பாகைக்கு உரிய நேரத்தில். 1982 சனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து இப்படித்தான். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால், சூரியன் மிக உயரத்தில் நிற்பது சராசரியாகப் பிற்பகல் 1 மணி 5 நிமிடத்துக்கு. சிராங்கூன் சாலை உணவகங்களில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டம் முண்டியடிக்கும் நேரம் அது. தீவின் கூரைகளில் உள்ள சூரியத் தகடுகளுக்கும் அதுதான் உச்சவேளை.

அந்த நேரத்தில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு தரைவீட்டை எண்ணிப்பாருங்கள். கூரையில் 5 கிலோவாட் திறனுள்ள தகடுகள். வானம் தெளிந்திருந்தால் 3.8 கிலோவாட் அளவுக்கு வந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் பள்ளியில், பெரியவர்கள் வேலையில். குளிர்பதனப் பெட்டியும் தாத்தாவின் அறை ஏர்கானும் சில்லறைக் கருவிகளும் சேர்ந்து 1.2 கிலோவாட் எடுக்கின்றன. மிச்சம் 2.6 கிலோவாட் மீட்டரைக் கடந்து தெருக் கம்பிக்குப் போகிறது. இரவு எட்டு மணிக்கு எல்லாரும் வீடு திரும்பி, சுடுநீர்க் கலனையும் மூன்று அறை ஏர்கானையும் போட்டதும் அதே வீடு அதே கம்பியிலிருந்து மின்சாரம் வாங்குகிறது.

பகலில் வெளியே போவதை வீட்டுக்குள்ளேயே பிடித்துவைக்க முடியாதா என்று கேட்டவர்கள் உலகெங்கும் உண்டு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கென்றே சிறு பெட்டிகள் கடையில் விற்கின்றன. மின்னணுவியல் தெரிந்தவர்கள் தாங்களே செய்தும் கொள்கிறார்கள். மின்சாரம் வெளியே போவதை அந்தப் பெட்டி உணரும். உடனே ஒரு கருவியைப் போடும். உள்ளே வரத் தொடங்கினால் அணைத்துவிடும்.

ஒரு மணிக்கு அலாரம் வைத்ததுபோல ஒரு டைமர் போதாதா? வெயில் நிலையாக அடிக்கும் ராஜஸ்தானில் போதலாம். சிங்கப்பூர் வானத்தில் மதியத்து மேகம் வருவதும் போவதும் நிமிடக் கணக்கில். தகட்டின் உற்பத்தி கண்ணெதிரே நான்கில் ஒரு பங்காகச் சரியும், மறுபடி ஏறும். வீட்டுக்குள்ளும் யாராவது கெட்டிலைப் போடுவார்கள். டைமருக்கு இவை எதுவும் தெரியாது. பெட்டிக்கும் தெரிய வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அழகு. தகடு எவ்வளவு தருகிறது, வீடு எவ்வளவு தின்கிறது என்று தனித்தனியே கேட்காமல், மீட்டருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் காவல் நின்று, கூட்டிக் கழித்து மிஞ்சியது எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் அது பார்க்கிறது.

எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் முதல் சிக்கல். வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 முறை மின்னோட்டம் திசை மாறுகிறது. அப்படியிருக்க உள்ளே, வெளியே என்று பிரிப்பது எப்படி? எலெக்ட்ரீஷியன் இடுப்பில் தொங்கும் சாதாரண கிளாம்ப் மீட்டரைக் கம்பியில் கவ்வவிட்டால் 10 ஆம்பியர் என்று காட்டும். வாங்கும் பத்தா, விற்கும் பத்தா என்று அது சொல்லாது.

ஊஞ்சலில் பிள்ளையை வைத்து ஆட்டுபவரைக் கவனியுங்கள். ஊஞ்சல் போகும் திசையிலேயே கை தள்ளினால் ஆற்றல் ஊஞ்சலுக்குள் போகிறது. ஊஞ்சல் தன்னை நோக்கி வரும்போது கை எதிர்த்து நின்றால் ஊஞ்சலிலிருந்து ஆற்றல் கைக்கு வருகிறது. கையும் ஊஞ்சலும் முன்னும் பின்னும் போய்வந்தாலும், இரண்டும் ஒத்துப்போகின்றனவா எதிர்க்கின்றனவா என்பதுதான் கணக்கு. மின்னழுத்தமும் மின்னோட்டமும் அப்படியே. இரண்டையும் ஒரே கணத்தில் அளந்து பெருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் போனால் பெருக்குத்தொகை நேர்மம். எதிரெதிரே போனால் எதிர்மம். ஒரு சுழற்சிக்கு 20 மில்லிநொடி. அதற்குள் ஐம்பது முறை இப்படிப் பெருக்கிச் சராசரி எடுத்தால் வரும் எண்ணின் குறிதான் விடை. சில வெள்ளிக்குக் கிடைக்கும் நுண்கட்டுப்படுத்திச் சில்லு இதை அலட்டிக்கொள்ளாமல் செய்யும்.

சில்லு இல்லாத காலத்திலும் இந்தப் பெருக்கல் நடந்துகொண்டுதான் இருந்தது. 1889இல் புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் நிறுவனத்தில் ஓட்டோ பிளாத்தி உருவாக்கிய மீட்டரின் வழிவந்ததே, நம் வீடுகளில் நெடுங்காலம் சுழன்ற அலுமினிய வட்டத்தகடு. மின்னழுத்தச் சுருளும் மின்னோட்டச் சுருளும் சேர்ந்து அதைத் தள்ளுகின்றன; தள்ளும் விசை இரண்டின் பெருக்கத்துக்கு ஏற்ப அமைகிறது. மின்சாரம் வெளியே போனால் வட்டத்தகடு பின்னோக்கிச் சுற்றும். கூரையில் சூரியத் தகடு போட்டவர்களுக்கு அந்தக் காட்சி தந்த மகிழ்ச்சியை இன்றைய மின்னணு மீட்டரின் எண்கள் தருவதில்லை.

மின்னோட்டத்தை அளக்கப் பெட்டி கம்பியில் கவ்வவிடும் வளையத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். வளையத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டால் என்ன நடக்கும்? இரவில் வீடு மின்சாரம் வாங்குகிறது. பெட்டிக்கோ அது விற்பதாகத் தெரிகிறது. மிச்சம் இருக்கிறதே என்று சுடுநீர்க் கலனைப் போடுகிறது. வாங்கும் அளவு இன்னும் கூடுகிறது. பெட்டிக்கு மிச்சம் இன்னும் கூடியதாகத் தெரிகிறது. அடுத்த கருவியையும் போடுகிறது. இதைப் பொறியாளர்கள் நேர்மப் பின்னூட்டம் என்பார்கள். மாதக் கடைசியில் வரும் பில்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

அம்புக்குறி சரியாக இருந்தாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. நம் தரைவீட்டில் மிச்சம் 2.6 கிலோவாட், சுடுநீர்க் கலனின் தேவை 3 கிலோவாட். மிச்சம் இருந்தால் போடு, இல்லாவிட்டால் அணை என்று பெட்டிக்குச் சொல்லியிருக்கிறோம். போடுகிறது. உடனே 0.4 கிலோவாட் உள்ளே வரத் தொடங்குகிறது. அணைக்கிறது. மறுபடி 2.6 வெளியே போகிறது. மறுபடி போடுகிறது. பெட்டி தான் செய்ததன் விளைவையே செய்தியாக எடுத்துக்கொண்டு தாளம் போடுகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தாலும் பன்னிரண்டு மணிநேரப் பகலில் 720 முறை. ஒரு சாதாரண ரிலே முழுச்சுமையில் ஒரு லட்சம் முறை தாங்கும் என்று தயாரிப்பாளர் சொன்னால், அது ஐந்து மாதம்கூட நிற்காது.

ஆகவே போடும் எல்லையும் அணைக்கும் எல்லையும் வேறுவேறாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அந்தக் கருவியின் சுமையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். மிச்சம் 3.2 கிலோவாட்டைத் தாண்டி இரண்டு நிமிடம் நீடித்தால் போடு, போட்டபின் 0.5 கிலோவாட்டுக்கு மேல் வாங்கும் நிலை இரண்டு நிமிடம் நீடித்தால் அணை. கம்ப்ரெசர் உள்ள கருவியென்றால் இன்னும் கவனம் வேண்டும். அணைத்த உடனே போட்டால் உள்ளே அழுத்தம் சமநிலைக்கு வந்திருக்காது, மோட்டார் திணறும். மூன்று நிமிடம் விட வேண்டும். பல ஏர்கான்களில் அந்தக் காத்திருப்பு உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. ரிமோட்டை அழுத்திவிட்டு ஏன் குளிர் வரவில்லை என்று நாம் பொறுமையிழப்பது அந்த மூன்று நிமிடத்தில்தான்.

வெறும் சூடேற்றும் கம்பியென்றால் இன்னொரு வழி உண்டு. முழுதாகப் போடாமல், தேவையான அளவு மட்டும் விடலாம். டிரையாக் என்னும் குறைக்கடத்திச் சுவிட்சுக்குத் தேயும் பாகம் கிடையாது. அதைக் கொண்டு பத்து அரைச்சுழற்சியில் எட்டை மட்டும் அனுமதித்தால் 3 கிலோவாட் கலன் 2.4 எடுக்கும். ஆனால் நொடிக்குச் சில முறை மூன்று கிலோவாட் வந்துவந்து போனால் வீட்டு விளக்குகள் மினுக்கும். நொடிக்கு எட்டு ஒன்பது மினுக்கு என்பது மனிதக் கண்ணை மிகவும் உறுத்தும் வேகம். ஒவ்வொரு அரைச்சுழற்சியிலும் ஒரு துண்டை நறுக்கினால் மினுக்கு போய்விடும். அதற்குப் பதிலாக மின்னிரைச்சல் வந்து சேரும்.

இவ்வளவும் செய்து கலனில் எவ்வளவுதான் பிடிக்கலாம்? சிங்கப்பூர்க் குளியலறைக் கூரைக்குள் ஒளிந்திருக்கும் கலனுக்கு 25 லிட்டர் என்று வைப்போம். குழாய்நீர் ஏற்கெனவே 28 பாகை. 60 பாகைக்குக் கொண்டுபோக 32 பாகை ஏற்றினால் போதும். கணக்குப் பார்த்தால் 0.93 யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணிக்கும் குறைவு. மூன்று கிலோவாட் கம்பி அதைப் பத்தொன்பது நிமிடத்தில் முடித்துவிடும். அப்புறம் பெட்டிக்கு வேலை இல்லை. குளிர்நாட்டில் 10 பாகை நீரை 200 லிட்டர்க் கலனில் சூடாக்குபவர்களுக்காகப் பிறந்த யோசனை இது. இங்கே வந்ததும் சுருங்கிப்போகிறது.

காசுக் கணக்கு இன்னும் கறார். சிங்கப்பூரில் எஸ்பி குழுமத்திடம் வழக்கமான கட்டணத்தில் மின்சாரம் வாங்கும் வீடு மிச்சத்தைத் திருப்பி அனுப்பினால், அந்தக் கட்டணத்திலிருந்து கம்பிக்கட்டமைப்புக்கான பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை வரவு வைக்கிறார்கள். கழிவது யூனிட்டுக்கு 7 காசு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 0.93 யூனிட்டை வெளியே விடாமல் தினமும் பிடித்துவைத்தால் ஆறரைக் காசு மிச்சம். ஆண்டுக்கு 24 வெள்ளி, அதுவும் ஒரு நாள்கூட மேகம் மூடாவிட்டால். பெட்டியின் விலையும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் கூலியும் சேர்த்தால் இது முதலீடு ஆகாது. பொழுதுபோக்கு என்றால் மறுக்கமாட்டேன். சில்லறை மின்விற்பனை நிறுவனத்துக்கு மாறியவர்களுக்கு மிச்சத்தின் விலை மொத்தச் சந்தையின் அரைமணி விலையை ஒட்டிப் போகும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி கூடும்போது கணக்கு கொஞ்சம் தேறும்.

வெப்பத்தைவிடக் குளிர்ச்சியைச் சேமிப்பதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும். வீடுகளின் மின் செலவில் ஏறத்தாழ கால்பங்கு ஏர்கானுக்குப் போகிறது என்று தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஆய்வு காட்டியது. சுடுநீருக்குப் பத்தில் ஒரு பங்குதான். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டை ஒரு பாகை குளிர்விக்க 0.6 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நல்ல ஏர்கான் அதற்கு 0.15 யூனிட் மின்சாரம் எடுக்கும். படுக்கையறைச் சுவரையும் தளத்தையும் மதியமே இரண்டு பாகை இறக்கிவைத்தால் இரவில் கம்ப்ரெசருக்கு வேலை குறையும். மேற்கு வெயில் விழும் சுவராக இருந்தால் மாலைக்குள் பாதி ஓடிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். பனிக்கட்டி இன்னும் கெட்டிக்காரச் சேமிப்பு. சுழியப் பாகையில் உள்ள 10 கிலோ நீரைப் பனிக்கட்டியாக்க வெளியேற்ற வேண்டிய வெப்பமும் அதே 0.93 யூனிட்தான். மீனும் கோழியும் நிறைந்த ஆழ் உறைபெட்டி உள்ள எந்த உணவகமும் அறியாமலேயே ஒரு மின்கலத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. மாவு அரைக்கும் கிரைண்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இட்லி மாவு காலை பத்துக்கு அரைத்தாலும் மதியம் ஒன்றுக்கு அரைத்தாலும் மறுநாளுக்குப் புளித்துவிடும்.

ஆனால் லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளில் இந்தப் பெட்டியைத் தேடினால் கிடைக்காது. 1989இல் இந்த வட்டாரம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. கடைவீட்டின் முகப்பையும் தெருவைப் பார்த்த களிமண் ஓட்டுக் கூரையையும் நினைத்தபடி மாற்ற முடியாது. கூரை கிடைத்தாலும் குறுகலானது. கீழே ஓடும் சமையலறையோ அது தருவதை அப்படியே விழுங்கிவிடும். மிச்சம் இல்லாத இடத்தில் மிச்சத்தைத் திருப்பிவிட ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் ஒரு சிறு வரலாறு. லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள மெக்கன்சி சாலையில்தான் ஒரு நூற்றாண்டுக்கு முன் நகருக்கு மின்சாரம் தந்த நிலையம் இருந்தது. 1905இல் ஓடத் தொடங்கிய மின் டிராம்களுக்காக டிராம் நிறுவனம் கட்டிய நிலையம் அது. அந்த நிறுவனத்திடமிருந்து மொத்தமாக மின்சாரம் வாங்கி, 1906இல் நகராட்சி சில தெருக்களில் மின்விளக்கு ஏற்றியது. பகலில் டிராம், இரவில் விளக்கு. ஒரே இயந்திரத்துக்கு இரண்டு வேளையும் வேலை கிடைக்கும்படி சுமையை அடுக்குவது அன்றே தொடங்கிவிட்டது. நிலையம் நிறுத்தப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. அந்தக் கணக்கு நிற்கவில்லை.

இப்போது பஃபலோ சாலையில் நின்று, தேக்கா நிலையத்தை ஒட்டி நிற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளை அண்ணாந்து பாருங்கள். சிங்கப்பூரில் பத்தில் எட்டுப் பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இத்தகைய அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறார்கள். 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தின்கீழ் தீவு முழுதும் ஆயிரக்கணக்கான புளோக்குகளின் கூரைகளில் தகடுகள் ஏறின. அந்த மின்சாரம் முதலில் பொதுப் பயன்பாட்டுக்கு: மின்தூக்கி, நடைபாதை விளக்கு, கூரைத் தொட்டிக்கு நீரேற்றும் பம்பு. மிஞ்சியது கட்டமைப்புக்கு.

மிஞ்சியது எங்கே போகிறது என்று இயற்பியலைக் கேட்டால், மிக அருகில் உள்ள சுமைக்கு என்று சொல்லும். அதாவது அதே புளோக்கின் ஏழாவது மாடியில் ஓடும் உங்கள் குளிர்பதனப் பெட்டிக்கு. தகட்டிலிருந்து கிளம்பியது பெரும்பாலும் கட்டடத்தை விட்டு இறங்கியே இருக்காது. மீட்டர்களைக் கேட்டால் கதை வேறு. நகர மன்றத்தின் மீட்டர் வெளியே அனுப்பியதாக எழுதிக்கொள்கிறது. உங்கள் மீட்டர் உள்ளே வாங்கியதாக எழுதிக்கொள்கிறது. ஏழாவது மாடி வீட்டில் அந்தப் பெட்டியை மாட்டினால் வெளியே போகும் மின்சாரத்தை அது ஒருநாளும் காணாது, தலைக்கு மேல் வெயில் கொட்டிக்கொண்டிருந்தாலும்.

இதைத்தான் இந்த அத்தியாயத்தில் சொல்ல வந்தேன். மிச்சம் என்பது மின்சாரத்தின் குணம் அல்ல. அளக்கும் வளையத்தை எங்கே மாட்டினோம் என்பதைப் பொறுத்தது. தரைவீட்டு வாசலில் மாட்டினால் 2.6 கிலோவாட் மிச்சம். தெருமுனையில் மாட்டினால், பக்கத்து வீட்டு ஏர்கான் அதை ஏற்கெனவே எடுத்துவிட்டிருக்கும். அப்படியிருக்கும்போது தரைவீட்டுக்காரர் தேவையில்லாத நேரத்தில் நீரைச் சூடாக்கி வைப்பது ஊருக்கு லாபமா? எரிவாயு எரித்து ஏறத்தாழ 95 விழுக்காட்டு மின்சாரத்தைத் தயாரிக்கும் தீவில், வெளியே விட்ட ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ கொஞ்சம் எரிவாயுவை மிச்சப்படுத்துகிறது. சூடாக்கிய நீர் மாலைக்குள் ஆறினால் அந்த அளவுக்கு நட்டம். வீவக புளோக்கில் வளையம் மாட்டச் சரியான இடம் கட்டடத்தின் முதன்மைக் கம்பி; திருப்பிவிடச் சரியான கருவி நீரேற்று பம்பு. மேல்தொட்டி பாதி இறங்கும்வரை காத்திருக்காமல், கூரையில் வெயில் இருக்கும்போதே நிரப்பலாம். நம் ஊர்களில் கரண்ட் இருக்கும்போதே மோட்டாரைப் போட்டுவிடும் அதே புத்திதான்.

வளையத்தைத் தீவின் அளவுக்கு விரித்தால் என்ன தெரியும் என்பதை இலங்கை காட்டியது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் தள்ளியது. உலகம் குரங்கைப் பார்த்துச் சிரித்தது. பொறியாளர்கள் பார்த்தது கிழமையை. ஞாயிறு என்பதால் தேவை குறைவு. வெயில் நன்றாக இருந்ததால் உற்பத்தியில் பெரும்பங்கு சூரிய மின்சாரம். கனமான சுழலிகள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. சுழலும் எஃகின் வேகத்தில்தான் ஒரு மின்கட்டமைப்பு முதல் சில நொடிகளின் அதிர்ச்சியைத் தாங்குகிறது. எஃகு குறைவாக இருந்ததால் தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது இலங்கை மின்சார சபை, ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரை கூரைத் தகடுகளைத் தாமாக முன்வந்து அணைத்துவைக்கும்படி வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டது. ஆபத்து உண்மையானது, வேண்டுகோளும் நியாயமானதே. ஆனாலும் வெயில் கொட்டும் நாட்டில் ஆயிரக்கணக்கானோர் கையால் சுவிட்சை அணைக்க வேண்டியிருந்தது என்பதை ஜீரணிக்கக் கடினம். அணைப்பதற்குப் பதிலாக நீர்ப்பம்புகளையும் பனிக்கட்டி ஆலைகளையும் அந்த நேரத்துக்குத் தானாக இழுத்துவர ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் தேவை உயர்ந்திருக்கும், சுழலிகளும் கூடுதலாக ஓடியிருக்கும்.

அந்த ஏற்பாட்டுக்குக் கம்பியோ இணையமோ வேண்டியதில்லை என்பதை எம்ஐடி பேராசிரியர் பிரெட் ஷ்வெப்பே 1970களின் இறுதியிலேயே கண்டுகொண்டார். செய்தி ஏற்கெனவே ஒவ்வொரு பிளக்கிலும் வந்துகொண்டிருக்கிறது. உற்பத்தி தேவையைவிடக் குறைந்தால் நாட்டின் சுழலிகள் எல்லாம் ஒருசேர வேகம் குறையும்; 50 ஹெர்ட்ஸ் 49.8 ஆகும். கூடினால் 50.2 ஆகும். குளிர்பதனப் பெட்டிக்குள் இந்த எண்ணைப் பார்க்கும் ஒரு சிறு சுற்றை வைத்தால் போதும். குறையும்போது கம்ப்ரெசரைக் கொஞ்சம் தள்ளிப்போடும், கூடும்போது முன்கூட்டியே ஓட்டும். 1982இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். வீட்டு வாசலில் மாட்டிய வளையம் ஒரு குடும்பத்தின் மிச்சத்தைப் பார்க்கிறது. பிளக்கில் அலைவெண்ணைக் கேட்கும் பெட்டி முழுக் கட்டமைப்பின் மிச்சத்தைக் கேட்கிறது. சிங்கப்பூருக்கும் மேற்கு மலேசியாவுக்கும் கம்பித் தொடர்பு இருப்பதால், இணைந்திருக்கும்வரை தேக்காவிலும் பினாங்கிலும் ஒரே அலைவெண்தான்.

2018 செப்டம்பர் 18, அதிகாலை 1 மணி 18 நிமிடம். மின்னுற்பத்தி அலகுகள் சில அடுத்தடுத்து நின்றுபோக, சிங்கப்பூரில் 146,797 வாடிக்கையாளருக்கு மின்சாரம் நின்றது. 38 நிமிடத்தில் எல்லாருக்கும் திரும்பி வந்தது. உற்பத்தி திடீரென்று சரியும்போது, அலைவெண் விழுவதைக் கண்ட பாதுகாப்பு ரிலேக்கள் சில வட்டாரங்களையே துண்டித்து மற்றவற்றைக் காப்பாற்றுகின்றன. தானியங்கிச் சுவிட்ச் என்ற வகையில் அதுவும் நம் பெட்டியின் உறவுதான். கத்தி மட்டும் பெரிது. மின்தூக்கிக்குள் இருப்பவரையும் வெறுமனே எரியும் அலங்கார விளக்கையும் அது ஒன்றாகவே வெட்டும்.

அந்த அதிகாலையில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்திருக்கும்? தீவில் ஏறத்தாழ 14 லட்சம் குடும்பங்கள். பாதி வீடுகளில் ஒரு படுக்கையறை ஏர்கான் 600 வாட் எடுத்தது என்று கொண்டால் 420 மெகாவாட். ஒரு பெரிய எரிவாயு அலகின் உற்பத்தி அளவு. அத்தனையும் பத்து நிமிடம் ஓய்ந்தால் அறை அரைப் பாகை சூடேறலாம். தூங்குபவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். இது என் தோராயக் கணக்குதான். ஆனால் 2023 பிப்ரவரியில் ஜூரோங் தீவில் செம்ப்கார்ப் திறந்த பெரும் மின்கலத் தொகுதியின் உச்சத் திறன் 200 மெகாவாட் என்பதோடு ஒப்பிட்டால் எண்ணின் கனம் புரியும்.

ஆனால் எல்லாக் கருவியும் ஒரே செய்தியைக் கேட்டால் எல்லாம் ஒரே கணத்தில் ஆடும். தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இது புதிதல்ல. மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட மணிநேரம்தான் வந்துகொண்டிருந்தது. எப்போது வந்தாலும் கிணற்று மோட்டார் தானே ஓடட்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருப்பார்கள். கரண்ட் வந்த நொடியில் ஒரு டிரான்ஸ்பார்மரின்கீழ் உள்ள எல்லா மோட்டாரும் ஒன்றாக எழும். ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தைக் கிளம்பும்போது மோட்டார் எடுக்கும். வோல்டேஜ் படுக்கும், மோட்டார் உறுமும், சுருள் கருகும். காயில் கட்டும் கடைக்காரருக்கு அது வருமானம்.

ஜெர்மனியில் இதே தவறு நேர்த்தியாகத் திட்டமிட்டு நடந்தது. கூரைச் சூரிய இன்வெர்ட்டர்கள் அலைவெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும் என்று விதி எழுதியபோது நாட்டில் அவை சொற்பம். பின்னர் அவை பெருகின. ஒரு நல்ல வெயில் நாளில் 50.2 வந்தால் பல பெரிய அணு உலைகளுக்கு நிகரான உற்பத்தி ஒரே நொடியில் மறைந்துவிடும் என்று உணர்ந்தபோது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளை 2012 முதல் தேடித்தேடித் திருத்த வேண்டியிருந்தது. இப்போது அவை 50.2க்குமேல் படிப்படியாகத்தான் குறைக்கும்.

சிங்கப்பூர் 2030க்குள் 60,000 மின்வாகன மின்னூட்டு முனைகளை இலக்கு வைத்திருக்கிறது. பெரும்பாலானவை பொதுக் கார்நிறுத்தங்களில். ஒவ்வொன்றும் 7.4 கிலோவாட் என்றால் மொத்தம் 444 மெகாவாட். அத்தனையும் மலிவு நேரம் தொடங்கும் அதே நொடியில் ஒன்றாக விழித்தால் அது ஆட்டோ ஸ்டார்ட்டர் கதையின் நகர்ப்புறப் பதிப்பு. பிரிட்டன் இதற்குச் சட்டத்திலேயே வழி வைத்தது. 2022 சூன் 30 முதல் அங்கே விற்கும் வீட்டு மின்னூட்டுக் கருவி ஒவ்வொன்றும், போடும்போதும் அணைக்கும்போதும், சுழியத்துக்கும் 600 நொடிக்கும் இடையில் தனக்கென்று ஒரு தாமதத்தைக் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் தொலைவிலிருந்து அதை 1,800 நொடிவரை நீட்டவும் கருவியில் இடம் இருக்க வேண்டும்.